வாங்கிய உரிமைக்கு மறுவிலை உண்டா?

ஒரு பொருளை ஒருவருக்கு விற்றுவிட்டு, அதே பொருளை அவரிடமே மறுபடியும் விற்பது வாணிபம் ஆகாது. கடைத்தெருவுக்குப் போய் வரும் சிறு பிள்ளையும் இதை அறியும். ஆயினும், சட்டத்தின் தாயகம் என்று பெருமை பேசும் இங்கிலாந்து நாட்டில், இந்த எளிய நியாயம் அன்றாடம் சோதனைக்கு உள்ளாகி வருகிறது. அங்கே தகராறுக்கு உள்ளாகி இருப்பது, வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு கார் நிற்பதற்கு மட்டுமே போதுமான ஒரு துண்டு இடம்.

நடப்பது யாதெனில்: லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் போன்ற நகரங்களில் அடுக்கு மாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. வீட்டை நீண்ட காலக் குத்தகைக்கு வாங்குபவருக்கு எழுதித் தரப்படும் பத்திரத்தில், இன்ன எண்ணுள்ள கார் நிறுத்துமிடம் இந்த வீட்டைச் சேர்ந்தது என்று குறிக்கப்படுவது வழக்கம். அவரிடமிருந்து வாடகைக்கு எடுப்பவரும், அந்த இடத்தையும் சேர்த்தே வாடகை கொடுக்கிறார். சில காலம் கழிந்ததும், கட்டிடத்தை நிர்வகிக்கும் கம்பெனி, கார் நிறுத்துமிடத்தைக் கண்காணிக்க ஒரு தனியார் நிறுவனத்தை அமர்த்துகிறது. சுவரில் பலகைகள் தொங்குகின்றன. இனிமேல் ஒவ்வொரு வண்டியும் அனுமதிச் சீட்டை முன் கண்ணாடியில் காட்ட வேண்டும் என்று அறிவிப்பு வருகிறது. என்றோ ஒரு நாள் அந்தச் சீட்டு நழுவிக் கீழே விழுந்துவிடுகிறது. அல்லது, பழுதான வண்டிக்குப் பதிலாக இரவல் வண்டி வந்து நிற்கிறது. மறுநாள் காலையில், தம் சொந்த இடத்தில் தம் வண்டியை நிறுத்திய குற்றத்திற்காக 100 பவுண்டு கேட்டு ஒரு காகிதம் காத்திருக்கிறது. 14 நாட்களுக்குள் செலுத்தினால் 60 பவுண்டு போதும் என்ற சலுகையும் அதில் அச்சிடப்பட்டிருக்கும்.

நம் வீடுகளிலிருந்து படிப்புக்கும் பணிக்கும் அந்நாட்டுக்குச் சென்றிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். வேலைக்கு ஓடும் அவசரத்தில், "வம்பு எதற்கு?" என்று அந்த 60 பவுண்டைக் கட்டிவிடுபவர்களே அவர்களில் அநேகராக இருக்கக் கூடும். அந்த அச்சமே இவ்வியாபாரத்தின் முதலீடு என்பது நமது கருத்து.

முதலில், அந்தக் காகிதம் என்ன என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். நகரசபை விதிக்கும் அபராதத்திற்கும், தனியார் கம்பெனி அனுப்பும் கட்டண நோட்டீசுக்கும் ஆங்கிலத்தில் சுருக்கப் பெயர் ஒன்றே, பி.சி.என். என்பார்கள். தோற்றமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முன்னது சட்டம் தந்த அதிகாரத்தால் விதிக்கப்படுவது. பின்னது, "எம்மோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை நீர் மீறினீர், ஆகவே இவ்வளவு தரவேண்டும்" என்ற ஒரு தனி மனிதரின் கோரிக்கையே ஆகும். கோரிக்கை நியாயமானதா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு.

இக்கோரிக்கைக்கு இத்தனை பலம் எவ்வாறு வந்தது? முன்னாளில் தனியார் நிலத்தில் நிற்கும் வண்டியின் சக்கரத்திற்கு இரும்புப் பூட்டு மாட்டிப் பணம் பறித்து வந்தார்கள். 2012ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் அதற்குத் தடை விதித்தது. அதே சட்டம் மற்றொரு கதவைத் திறந்துவிட்டது. வண்டியை ஓட்டியவர் இன்னார் என்று தெரியாவிடில், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வண்டி யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரிடமே பணத்தைக் கோரலாம் என்றது. அந்தப் பெயரையும் முகவரியையும் அரசின் வாகனப் பதிவு நிறுவனம் தனியார் கம்பெனிகளுக்கு, ஒரு வண்டிக்கு இரண்டரைப் பவுண்டு வீதம் கொடுத்து வருகிறது. 2022-23ஆம் நிதியாண்டில் மட்டும் இவ்வாறு கோரப்பட்ட விவரங்கள் ஒரு கோடிக்கு மேல் என்றால், இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது விளங்கும்.

கம்பெனிகள் தங்களுக்கு அரணாகக் காட்டுவது, 2015 நவம்பர் 4 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பாகும். செம்ஸ்ஃபோர்டு நகரில் ஒரு கடை வளாகத்தில் இரண்டு மணி நேரம் வண்டியை இலவசமாக நிறுத்தலாம். ஒருவர் அதற்கு மேல் 56 நிமிடங்கள் நிறுத்திவிட்டார். அவரிடம் கோரப்பட்ட 85 பவுண்டு செல்லும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இடம் பலருக்கும் கிடைக்குமாறு வண்டிகள் மாறி மாறி வந்து செல்ல வேண்டும் என்பதில் நிலத்தவருக்கு நியாயமான அக்கறை உண்டு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அத்தீர்ப்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதைக் குடியிருப்போர் மீது ஏவுவது பொருந்துமா என்பதே கேள்வி. கடை வளாகத்துக்கு வந்தவருக்கு அந்நிலத்தில் முன்னுரிமை ஏதும் கிடையாது. பலகையில் உள்ள நிபந்தனையே அவருக்குக் கிடைத்த அனுமதி. அவர் இடத்தைப் பெற்றார். பதிலுக்கு நிபந்தனையை ஏற்றார். இரு கை கொடுத்து வாங்கியதால் அங்கே ஒப்பந்தம் உண்டாயிற்று. குடியிருப்பவரின் நிலை வேறு. அவருக்கு அந்த இடம் பத்திரத்தின் மூலம் ஏற்கெனவே வந்துவிட்டது. பலகை வைத்தவர் அவருக்குப் புதிதாக எதைக் கொடுத்தார்? தம்மிடம் இல்லாததை ஒருவர் எவ்வாறு கொடுக்க முடியும்? கொடுப்பினை இல்லாத இடத்தில் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் மீறலும் இல்லை.

இது நமது வாதம் மட்டுமன்று. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி கோர்ட்டில் ஒரு மேல்முறையீடு விசாரிக்கப்பட்டது. குடியிருப்பவர் ஒருவர், மேசை முதலிய சாமான்களை இறக்குவதற்காகக் கட்டிட வாசலருகே சிறிது நேரம் வண்டியை நிறுத்தியதற்காகக் கட்டணம் கேட்கப்பட்ட வழக்கு அது. குத்தகைப் பத்திரம் தந்த வழியுரிமையைப் பின்னால் வந்த ஒரு பலகை ஒருதலைப்பட்சமாகக் குறைத்துவிட இயலாது என்று நீதிபதி கூறினார். சாமான் இறக்க நிற்பது வண்டி நிறுத்துதல் ஆகாது என்பதும் அவர் கருத்து. அதே ஆண்டு செப்டம்பரில் க்ராய்டன் கோர்ட்டில், வாடகைப் பத்திரத்தில் இல்லாத அனுமதிச் சீட்டு நிபந்தனையைக் கம்பெனி தானாகப் புகுத்த முடியாது என்ற முடிவு வந்தது. இத்தகைய கீழ் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லா வழக்குகளையும் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆயினும் அவை காட்டும் நியாயம் தெளிவானது.

"வெளியார் வண்டிகளைத் தடுப்பதற்காகத்தானே இந்த ஏற்பாடு? குடியிருப்போரே கேட்டுப் பெற்றதல்லவா?" என்று எதிர்வாதம் செய்பவர்கள் உண்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. இரயில் நிலையத்தின் அருகிலோ விளையாட்டு மைதானத்தின் அருகிலோ வசிப்பவர்கள், மாலையில் வீடு திரும்பும்போது தம் இடத்தில் அந்நியர் வண்டி நிற்பதைக் கண்டு படும் பாடு சிறிதன்று. காவல் தேவைதான். ஆனால் திருடனைப் பிடிக்க அமர்த்திய காவலாளி, வீட்டுக்காரர் சாவி எடுத்து வர மறந்த நாளில் அவரிடமே கப்பம் வாங்கினால், அதைக் காவல் என்று யார் சொல்வார்கள்? பல இடங்களில் இக்காவலாளிக்கு நிர்வாகம் சம்பளம் கொடுப்பதில்லை. எழுதும் நோட்டீசுகளின் வசூலே அவனுடைய வருமானம். அந்நியர் வராத நாளில் அவன் கண் யார் மீது விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

குடியிருப்போரின் உரிமையை மாற்றத்தான் வேண்டுமெனில் அதற்கும் நேரான வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் நில உரிமையாளர் - குடியிருப்போர் சட்டம், 37ஆம் பிரிவில் அதை வகுத்துள்ளது. எட்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பற்றிய விண்ணப்பத்தில், சம்பந்தப்பட்ட தரப்பினரில் நூற்றுக்கு 75 பேராவது சம்மதித்து, 10 பேருக்கு மேல் எதிர்க்காமல் இருந்தால், தீர்ப்பாயத்தின் ஆணை பெற்றுப் பத்திரங்களைத் திருத்தலாம். அந்த வழியில் செல்லாமல், ஓர் ஏணியும் நாலு திருகாணியும் கொண்டு சுவரில் பலகை மாட்டிப் பத்திரத்தைத் திருத்திவிட்டதாக எண்ணுவது முறையன்று.

இனி, மறு பக்கத்தையும் சொல்லாவிடில் நாம் நீதி செய்தவர்கள் ஆகமாட்டோம். எல்லாப் பத்திரங்களும் ஒன்று போல் எழுதப்படுவதில்லை. "நிர்வாகம் அவ்வப்போது வகுக்கும் நியாயமான விதிகளுக்குக் கட்டுப்பட்டு" என்ற ஷரத்து சில பத்திரங்களில் இருக்கும். அப்படியாயின் அனுமதிச் சீட்டைக் காட்டும் கடமை குடியிருப்பவருக்கு உண்டாகலாம். வாடகைக்கு இருப்பவர் தம் வாடகைப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. வீட்டுக்காரரிடம் உள்ள மூலக் குத்தகைப் பத்திரத்தையும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் தமக்கு உள்ளதைத்தானே பிறருக்குக் கொடுக்க முடியும்? மேலும், நம் எண்ணுள்ள இடத்தை விட்டு விருந்தினர் இடத்திலோ அடுத்தவர் இடத்திலோ நிறுத்திவிட்டு, "நானும் இங்கே குடியிருப்பவன்" என்று வாதாடுவது வீண்.

இந்த இடத்தில் நம் மார்க்கத்தின் நெறியை நினைவுகூர்வது பொருத்தமாகும். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமான அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிவதையும், சாட்சி வைப்பதையும் பற்றிப் பேசுகிறது. வணக்கத்தைப் போலவே வாக்குறுதியையும் எழுத்தையும் மதிக்கக் கற்றுத் தந்த மார்க்கம் இது. ஹக்குல் இபாத் எனப்படும் மனிதர் உரிமையில் கைவைப்பவர், அந்த மனிதர் மன்னிக்காதவரை மீள்வது அரிது என்று நம் உலமாக்கள் போதித்து வந்துள்ளார்கள். அந்த அளவுகோல் கம்பெனிக்கு மட்டுமன்றி நமக்கும் பொருந்தும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பது எவ்வாறு தவறோ, அவ்வாறே கொடுக்க வேண்டாததை அச்சத்தால் கொடுத்து, அநியாயத்தை வளர்ப்பதும் நல்லதன்று.

ஆகவே, நோட்டீசு வந்தால் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். இரண்டாவது, கார் நிறுத்தும் உரிமையைச் சொல்லும் பக்கத்தின் நகலோடு, 28 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். கட்டிட நிர்வாகத்துக்கும் எழுதி, நோட்டீசை ரத்துச் செய்யுமாறு கோருங்கள்; கம்பெனியை அமர்த்தியவர்கள் அவர்களே அல்லவா? மூன்றாவது, கம்பெனி மறுத்தால், அது எந்தச் சங்கத்தைச் சேர்ந்ததோ அதற்குரிய முறையீட்டு மன்றத்தை அணுகலாம்.

நான்காவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. கடன் வசூலிப்போர் 70 பவுண்டு சேர்த்துக் கேட்டு எழுதும் மிரட்டல் கடிதம் வேறு. நீதிமன்றத்திலிருந்து வரும் வழக்குப் படிவம் வேறு. படிவத்தை அலட்சியமாக மேசை அறையில் போட்டுவிடலாகாது. 14 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கிடைத்ததை ஒப்புக்கொண்டு எழுதினால் 28 நாட்கள் அவகாசம் கிடைக்கும். பதிலே தராவிடில், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் தீர்ப்பு எதிர்ப்பக்கம் போய்விடும். அதை ஒரு மாதத்துக்குள் தீர்க்காவிட்டால், ஆறு ஆண்டுகள் அது பதிவேட்டில் நின்று, வீட்டுக் கடனுக்கும் பிறவற்றுக்கும் தடையாகும். ஊமையாய் இருந்து தோற்பதைவிட உண்மையைச் சொல்லி வாதாடுவது மேல்.

அங்கே வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். அனுமதிச் சீட்டு முறை உண்டென்றால், வாடகைக்கு வருபவரிடம் அதை முதல் நாளே சொல்லிச் சீட்டையும் கொடுத்துவிடுங்கள். அவருக்கு நோட்டீசு வந்தால், "அது உன் பாடு" என்று கைகழுவிவிடாதீர்கள். மூலப் பத்திரம் உங்கள் கையில் இருக்கிறது. அதன் ஒரு நகல் அவருடைய வழக்கையே முடித்து வைக்கக் கூடும்.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுவோம். இக்கம்பெனிகளுக்கு அரசே விதிமுறை வகுக்க வேண்டும் என்று 2019இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 2022 பிப்ரவரியில் வெளியான விதிமுறை, கம்பெனிகள் நீதிமன்றம் சென்றதைத் தொடர்ந்து அவ்வாண்டு ஜூனிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூலையில் அரசு மறுபடியும் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. இதற்கு நடுவில், 2024 அக்டோபர் 1 முதல், கம்பெனிகளின் இரு சங்கங்களும் சேர்ந்து தாமே ஒரு விதிமுறையை நடைமுறைக்குக் கொண்டு வந்தன. விற்பவனே தராசையும் படிக்கல்லையும் செய்துகொள்ளும் சந்தையில், வாங்குபவன் விழிப்பாக இருப்பது தவிர வேறு வழி ஏது?

60 பவுண்டு சிலருக்குச் சிறு தொகையாகத் தோன்றலாம். பகலிரவாய் உழைக்கும் ஒரு குடும்பத்துக்கு அது ஒரு வாரத்துச் சமையல் செலவு. எழுதிக் கொடுத்ததற்கு மதிப்பு உண்டா, இல்லையா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து நிற்கிறது. ஆதலால், கடல் கடந்து வாழும் உங்கள் பிள்ளைகளோடு அடுத்த முறை பேசும்போது, நலம் விசாரித்த பின் இதையும் கேளுங்கள்: "உன் வீட்டுப் பத்திரத்தை நீ வாசித்திருக்கிறாயா?"