பழுதாக முன்னம் கழற்றுவது

சென்ற இதழில் மாரிக்குக் கார்ச் சில்லு மாற்றுவது பற்றி எழுதினோம். இம்முறை படகு.

படகு வாங்குகிற அளவுக்கு வசதி வந்துவிட்டதா என்று கேட்கவேண்டாம். நோர்வேயின் கரையோர ஊர்களில் பழைய மரப்படகு பழைய காரின் விலைக்கு வரும். நாங்கள் மூன்று குடும்பம் காசு போட்டு 22 அடிப் படகொன்று வாங்கினோம். உள்ளே இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின்.

அந்த எஞ்சின் சூடேறாமல் இருக்கக் கடல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அதை இழுக்கிற பம்பினுள்ளே ஆறு இதழ் கொண்ட ஒரு றப்பர்ச் சில்லு. இம்பெல்லர் என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எங்களோடு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிற நோர்வேக் கிழவர் போன வருடம் புதிய இம்பெல்லர் ஒன்றை வாங்கித் தந்து, "கோடைக்கு முன் மாற்றிவிடுங்கள்" என்றார். கழற்றிப் பார்த்தோம். பழையது நன்றாகத்தான் இருந்தது. நல்ல சாமானை ஏன் எறிவான் என்று திரும்பப் பூட்டிவிட்டு, புதியதை அலுமாரி லாச்சிக்குள் வைத்தோம்.

எங்கள் வளர்ப்பு அப்படி. 1990களில் பொருளாதாரத் தடை நேரம், எங்கள் அப்பாமார் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினவர்கள். உடைந்ததைக் கட்டி ஓடுவதுதான் கெட்டித்தனம். உடையாததைக் கழற்றுகிறவனுக்கு விசர் என்பார்கள்.

தொழிற்சாலை லீவில், ஆடி மாதம், பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கப் போனோம். திரும்பும்போது புகைக்குழாய்ச் சத்தம் மாறியது. வழமையாகத் தண்ணீரைத் துப்பித் துப்பி ஓடுவது, வறட்டுச் சத்தமாகி வெள்ளை ஆவி வந்தது. சூட்டு மணி அடித்தது. எஞ்சினை நிறுத்தினோம். நீரோட்டம் பாறைப் பக்கமாக இழுத்தது. நங்கூரம் பிடித்ததால் தப்பினோம். பிள்ளைகள் மிதவையங்கி போட்டிருந்தார்கள். 8 மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது வெளியில் இருப்பவர்கள் அதைப் போட்டிருக்கவேண்டும் என்பது 2015 முதல் இங்கே சட்டம். ஒன்றரை மணித்தியாலம் கழித்துக் கிழவரே வந்து கட்டியிழுத்தார்.

பம்பைத் திறந்தால் ஆறு இதழில் மூன்று இல்லை. புதியதைப் போட்டால் சரிதானே என்றோம். அவர் விடவில்லை. உடைந்த துண்டுகள் எங்கே என்று தேடினார். மூன்றும் சூடாற்றிக் குழாய்களின் வாயில் அடைத்திருந்தன. அவற்றை எடுக்காமல் ஓடியிருந்தால் எஞ்சின் திரும்பவும் கொதித்திருக்கும்.

அவர் காட்டித் தந்த முறை இது. முதலில் கடல் வால்வைப் பூட்டி, எஞ்சின் திறப்பை அந்த வால்விலேயே கொழுவிவிடுங்கள். பூட்டியதை மறந்து ஸ்டார்ட் பண்ணினால் புது றப்பர் தண்ணீரில்லாமல் சற்று நேரத்திலேயே எரிந்துபோகும். கோப்பை கழுவும் சவர்க்காரம் பூசி, சுற்றும் திசைக்கு இதழ்களை மடித்துத் தள்ளுங்கள். கிறீஸ் வேண்டாம், றப்பருக்குக் கூடாது. வால்வைத் திறந்து ஸ்டார்ட் பண்ணியதும் ஓடிப்போய்ப் புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

மற்றவை சின்ன வேலைகள். டீசல் பில்டரின் அடிக் கிண்ணத்தில் தேங்கும் தண்ணீரை இடைக்கிடை திறந்துவிடவேண்டும். மாரிக்குத் தாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் குறைவாகத்தான் சேரும். ஒயிலை வசந்தத்தில் அல்ல, படகைக் கரையேற்ற முன்னமே மாற்றுங்கள். பழைய ஒயிலில் சேரும் அமிலம் மாரி முழுக்க எஞ்சினுக்குள் கிடக்கக்கூடாது. கடல் தண்ணீர் ஓடும் பாதைக்கு உறைதடுப்புத் திரவம் ஓடவிடவேண்டும். உள்ளே தண்ணீர் உறைந்தால் இரும்பே வெடிக்கும்.

இந்த வசந்தம் இம்பெல்லரைக் கழற்றினோம். ஆறு இதழும் முழுசாக இருந்தன. புதியதைப் போட்டு, பழையதை அவசரத்துக்கென்று படகுப் பெட்டிக்குள் வைத்தோம். எங்களில் ஒருவர் இன்னமும் சொல்கிறார்: "அது இன்னும் ஒரு வருசம் ஓடியிருக்கும்."