கொடுக்கத் தெரிந்த ஊருக்குக் கேட்கத் தெரியவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. ரமழான் வருவதற்கு முந்திச் சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கோபம் வருகிறவர்கள் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம் திருகோணமலைச் சனத்துக்குக் கொடுக்கும் மனம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து கிண்ணியா வைத்தியசாலையையே இல்லாமலாக்கியபோது, ஊருக்கு ஊர் சோற்றுப் பார்சல் கட்டியவர்கள் நம் உம்மாமார். 2006 ஆகஸ்ட்டில் மூதூர்ச் சனம் சண்டைக்கு நடுவே உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு வந்து சேர்ந்தபோது, அவர்களுக்குப் பாயும் பாலும் கொண்டு ஓடியதும் சாதாரண சனம்தான். மீன் விற்கிற நானாவும் ஆட்டோ ஓட்டுகிற தம்பியும் அன்றைய உழைப்பில் ஒரு பங்கை எடுத்துத் தருகிற ஊர் இது.

பிழை கொடுப்பவர்களிடம் இல்லை. சேர்ப்பவர்களிடம் இருக்கிறது.

நாம் எப்படிக் காசு சேர்க்கிறோம் என்று பாருங்கள். ஜும்ஆ முடிந்ததும் வாசலில் ஒரு சின்னப் பிள்ளையின் கையில் உண்டியலைக் கொடுத்து நிறுத்துகிறோம். அந்தப் பிள்ளைக்கு எதற்குச் சேர்க்கிறது என்றே தெரியாது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி "உதவுங்கள், உதவுங்கள்" என்று தெருத் தெருவாகக் கத்துகிறோம். நோயாளியைக் கட்டிலில் வைத்து, மூக்கில் குழாயோடு போட்டோ எடுத்து, கீழே வங்கிக் கணக்கிலக்கத்தைப் போட்டு 40 வட்ஸ்அப் குழுக்களில் தள்ளிவிடுகிறோம். மூன்று மாதம் கழித்தும் அந்தப் போட்டோ சுற்றிக்கொண்டிருக்கும். ஆள் சுகமாகி வீட்டுக்கு வந்தாரா, மவுத்தாகிவிட்டாரா, எவ்வளவு சேர்ந்தது, யார் செலவழித்தார்கள், ஒன்றுமே தெரியாது. அடுத்த போட்டோ வந்துவிடும்.

இதனால் யாருக்கு நட்டம்? கொமிட்டியில் சொந்தக்காரன் இருக்கிற நோயாளிக்கு எப்படியாவது காசு சேர்ந்துவிடும். வெளிநாட்டில் மச்சான் இருக்கிறவருக்கும் சேர்ந்துவிடும். ஜமாலியாவில் வாடகை வீட்டில் இருக்கிற விதவைக்கு, பேசிக்கொடுக்க ஆள் இல்லாதவளுக்கு, சேராது. அவளுக்காகக் கேட்க வருகிறவன் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கடைக்காரர் லாச்சியிலிருந்து 50 ரூபாவை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். கேட்கத் தெரியாதவனை அனுப்பியதற்கு அந்த விதவை தண்டனை அனுபவிக்கிறாள். நான் சண்டைக்கு வருவது இந்த இடத்தில்தான்.

"அல்லாஹ்வுக்காகச் செய்கிற வேலைக்கு என்ன பயிற்சி? நிய்யத் சரியாக இருந்தால் போதும்" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. பெரியவர்களே, இந்தப் பேச்சு நம் மார்க்கத்திலிருந்து வந்ததல்ல. ஸகாத் யாருக்குப் போக வேண்டும் என்று குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது, சூரத்துத் தவ்பாவின் 60ஆவது வசனத்தில். அதில் ஏழைக்கும் வறியவருக்கும் அடுத்தபடியாக வருகிறவர் யார்? அந்த ஸகாத்தைச் சேர்த்து நிர்வகிக்கிற வேலையாள். அவருக்குக் கூலியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சும்மா இருக்கிறவன் பொழுதுபோக்காகச் செய்கிற காரியமாக இதை மார்க்கம் பார்க்கவில்லை, ஒரு பொறுப்பான தொழிலாகப் பார்க்கிறது.

கேட்கிற முறைக்கும் முன்மாதிரி இருக்கிறது. முழர் கோத்திரத்தார் காலில் செருப்பில்லாமல், கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு மதீனாவுக்கு வந்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அவர்களின் வறுமையைக் கண்டு நபி (ஸல்) அவர்களின் முகம் மாறியது. தொழுகை நடத்தினார்கள், எழுந்து பேசினார்கள். தீனார் உள்ளவர் தீனார், திர்ஹம் உள்ளவர் திர்ஹம், துணி, கோதுமை, பேரீச்சம்பழம், ஒன்றுமில்லாதவர் பாதிப் பேரீச்சம்பழமாவது கொடுக்கட்டும் என்றார்கள். ஓர் அன்ஸாரித் தோழர் கை தாங்காத ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். உணவும் உடையுமாக இரண்டு குவியல் சேர்ந்தது.

இதை ஒரு டீச்சராக வாசித்துப் பாருங்கள். தேவை கண்ணுக்கு முன்னால் இருந்தது. என்ன கொடுக்கலாம் என்று பெயர் சொல்லிக் கேட்கப்பட்டது. குறைந்தது எது என்றும் சொல்லப்பட்டது, ஏழையும் கூச்சமில்லாமல் சேர்ந்துகொள்ள முடிந்தது. முதலாவது ஆள் எழுந்தார், அவரைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள். இவ்வளவும் ஒரே சபையில் நடந்தது. நாம் இதை மிம்பரில் பயானாகக் கேட்டுவிட்டு, வெளியே வந்து சின்னப் பிள்ளையின் கையில் உண்டியலைக் கொடுக்கிறோம்.

கணக்குக்கும் முன்மாதிரி இருக்கிறது. பனூ ஸுலைம் கோத்திரத்தாரிடம் ஸகாத் சேர்க்கப் போன இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, "இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்று பிரித்து வைத்தார். நபி (ஸல்) அவர்கள் அதை அறைக்குள் பேசி முடிக்கவில்லை. மிம்பரில் ஏறி, தாய் தகப்பன் வீட்டில் இருந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்கள். இன்று ஒரு பள்ளிவாசலில் யாராவது எழுந்து கணக்குக் கேட்டால் "பித்னா பண்ணுகிறான்" என்கிறோம். கணக்குக் கேட்பது பித்னா என்றால், அந்த மிம்பரில் நடந்தது என்ன?

இனி, நம்பிக்கை என்ற விஷயத்துக்கு வருகிறேன். "எனக்குக் காசு கேட்கக் கூச்சம், டீச்சர்" என்று படித்த பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். கூச்சம் குணத்தில் இருக்கிறது, பிறப்பிலேயே வந்தது என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கையில் பதில் இல்லாதவனுக்குத்தான் கூச்சம் வரும். காசு கொடுக்கிற எந்த மனிதருக்கும் மனதில் மூன்று கேள்வி இருக்கும். மொத்தம் எவ்வளவு தேவை, இதுவரை எவ்வளவு சேர்ந்தது? காசு யாருடைய கையில் இருக்கும்? மிச்சம் வந்தால் என்ன செய்வீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தவன் பிரதான வீதியில் எந்தக் கடைப்படியிலும் நிமிர்ந்து ஏறலாம்.

போன வருடம் எங்கள் பிள்ளையொன்றின் வாப்பாவுக்கு இருதயச் சத்திரசிகிச்சைக்குக் காசு தேவைப்பட்டது. டீச்சர்மார் 5 பேர் இறங்கினோம். கல்வியியற் கல்லூரியில் நாங்கள் படித்த நுண் கற்பித்தல் அப்போது கைகொடுத்தது. வகுப்புக்குப் போகுமுன் கூடப் படிக்கிறவர்களையே மாணவராக இருத்தி, பத்து நிமிடம் பாடம் நடத்தி, பிழை திருத்திக்கொள்வோமே, அதேதான். முதல் நாள் பின்னேரம் ஒரு வீட்டில் கூடினோம். ஒருவர் கடைக்காரர், ஒருவர் கேட்கிறவர், மற்றவர்கள் பார்ப்பவர்கள். "இப்ப வியாபாரம் இல்லை டீச்சர்" என்றால் என்ன சொல்வது? "போன முறை கொடுத்த காசுக்கு என்ன நடந்தது?" என்றால்? சிரித்துச் சிரித்துப் பழகினோம். வைத்தியசாலை கொடுத்த செலவு மதிப்பீட்டின் பிரதியும், இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகமும் கையில் இருந்தன. நோயாளியின் போட்டோ இருக்கவில்லை. பெயரையும் நாங்கள் தெருவில் சொல்லவில்லை. முதல் ஏறிய கடையிலேயே அந்த மூன்று கேள்வியும் வந்தது. மூன்றுக்கும் பதில் சொன்னோம். 11 நாளில் தேவையான தொகை சேர்ந்தது. மிச்சம் வந்ததை, பற்றுச்சீட்டில் முதலே அச்சடித்திருந்தபடி, அடுத்த நோயாளிக்குக் கொடுத்து அதற்கும் கணக்கு ஒட்டினோம்.

ஆனால் அதற்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆள் அனுப்பிவிட்டார். "பொம்பிளைகள் கடை கடையாக ஏறுவதா? ஊரில் ஆம்பிளை இல்லையா?" என்று. அவருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நம் ஊரில் காசு சேர்க்கிற கலையை உயிரோடு வைத்திருப்பவர்களே பெண்கள்தான். ஒவ்வொரு ஒழுங்கையிலும் சீட்டுப் பிடிக்கிற ஒரு ராத்தா இருக்கிறா. 20 பேரிடம் மாதம் தவறாமல் காசு வாங்குகிறா. யார் கொடுத்தார், யார் பாக்கி, யாருக்கு இந்த மாதம் என்று ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறா. தராதவரின் வாசலில் போய் நின்று, சண்டை பிடிக்காமல், முகம் முறியாமல், வாங்கிக்கொண்டு வருகிறா. இதற்கு மேல் என்ன திறமை வேண்டும்? உம்மம்மாமார் காலத்தில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை வேறு பானையில் போடுவார்கள், மாத முடிவில் அது மத்ரஸாவுக்குப் போகும். பிடியரிசியைச் சேர்த்தவர்கள் யார்? அந்த ராத்தாமாரைப் பள்ளிவாசலின் உதவிக் குழுவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கொப்பியே எழுதத் தெரியாதவரைப் பொருளாளராக வைத்திருக்கிறோம், குரல் பெரிது என்பதற்காக.

இது பெரிய ஊர்களுக்குத்தான் சரிவரும் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இங்கிருந்து இரவு பஸ் ஏறிப் போகிற குடும்பங்களை நமக்குத் தெரியும். 2016இல் அந்த வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேனர் வாங்க எம்.எஸ்.எச். முஹம்மத் என்கிற ஒரு முஸ்லிம் வியாபாரி முன்னுக்கு நின்றார். கதீஜா பவுண்டேஷன் வழியாக 20 கோடி ரூபாவைச் சில மாதங்களில் இந்த நாட்டுச் சனத்திடமிருந்து சேர்த்தார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கொடுத்தார்கள். அதற்கு முந்தி, 2011இல், தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தே போய் தெல்லிப்பளை புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்த்தார்கள், தெற்கும் வடக்கும் சேர்ந்து. இரண்டிலும் என்ன இருந்தது? ஒரு குறித்த தேவை, ஒரு குறித்த தொகை, முன்னுக்கு நிற்கிற ஒரு முகம். "ஏழைகளுக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கத்தவில்லை.

கராச்சியில் அப்துல் ஸத்தார் ஈதி 1951இல் ஒரு சின்ன மருந்தகத்தோடு தொடங்கினார். 2016இல் அவர் மவுத்தாகும்போது அவருடைய அம்புலன்ஸ்கள் அந்த நாடு முழுக்க ஓடின. அவ்வளவு பெரிய மனிதர் தெருவோரத்தில் உட்கார்ந்து கையேந்திக் காசு சேர்த்தார். அவருக்குக் கூச்சம் வரவில்லை. அவர் வாழ்ந்த எளிமையான வாழ்க்கையே அவருடைய கணக்குப் புத்தகமாக இருந்தது, அதைக் கராச்சி முழுக்கப் பார்த்தது.

சரி, என்ன செய்யலாம்? ரமழானுக்கு முந்தி மூன்று காரியம் கேட்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு பள்ளிவாசலும் ஒரு பின்னேரத்தை இதற்கு ஒதுக்கட்டும். உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள், ஆணும் பெண்ணும், 10 பேரைக் கூப்பிடுங்கள். இரண்டு நிமிடத்தில் தேவையைச் சொல்லப் பழக்குங்கள். "ஏதாவது தாங்க" என்று கேட்காமல், "ஒரு நாள் மருந்துச் செலவு இவ்வளவு, அதை நீங்கள் பொறுப்பெடுப்பீர்களா" என்று கேட்கப் பழக்குங்கள். கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழக்குங்கள், அதுதான் கஷ்டமான பகுதி. இல்லை என்கிறவருக்கு ஸலாம் சொல்லி, முகம் சுளிக்காமல் இறங்கி வரவும் பழக்குங்கள். இந்த வருடம் இல்லை என்றவர் அடுத்த வருடம் தருவார், நாம் இறங்கி வந்த விதத்தை அவர் மறக்கமாட்டார்.

இரண்டாவது, கணக்கு. காசு எண்ணும்போது இரண்டு பேர், இருவரும் கையொப்பம். இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. ஏழு நாளுக்குள் அறிவித்தல் பலகையில் வரவும் செலவும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் நம்பிக்கையாளர் சபைகளுக்குக் கணக்குக் காட்டும் கடமை ஏற்கெனவே இருக்கிறது. திணைக்களத்துக்குக் காட்டுகிற கணக்கை, காசு கொடுத்த மீன்கார நானாவுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாவது, போட்டோவை நிறுத்துங்கள். நோயாளியின் முகம் நம் உண்டியலுக்கு ஒட்டுகிற லேபல் இல்லை. அவருடைய மகள் நாளைக்கு என் வகுப்பில் வந்து உட்காரவேண்டியவள். பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் போனில் தன் வாப்பாவின் குழாய் போட்ட முகத்தை அவள் பார்க்கக்கூடாது. வைத்தியரின் கடிதம் போதும், இரண்டு பொறுப்பானவர்களின் பெயர் போதும். அது போதாது என்று நினைக்கிற குழு, முதலில் தன் மீது ஊருக்கு ஏன் நம்பிக்கை இல்லை என்று யோசிக்கட்டும்.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம், ஒரு சி.ஆர். கொப்பி, ஒரு பின்னேரம். பயிற்சி நடத்த ஆள் இல்லை என்று எந்தப் பள்ளிவாசலாவது சொன்னால், நாங்கள் 5 பேரும் வருகிறோம். பெண்கள் பகுதியில் இருந்து சொல்லித்தருகிறோம், அதுவும் ஏலாது என்றால் எழுதித்தருகிறோம்.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். உடன்படுகிறவர்கள் லைக்கோடு நிற்காமல், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உங்கள் நம்பிக்கையாளர் சபையிடம் போய், போன ரமழானில் சேர்ந்த காசின் கணக்கைப் பணிவாகக் கேளுங்கள்.