படம் பிரமாதம், தேதி எங்கே?

டிஜிட்டல் கேமரா வாங்கியவுடன் பலரும் முதலில் குழந்தைகளைப் படம் எடுப்பார்கள். அடுத்து தோட்டத்துப் பூக்கள். நான் பறவைகள் பக்கம் போய்விட்டேன்.

கோவையில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு சிறிய நீரூற்று வைத்திருக்கிறேன். பெரிய செலவில்லை. ஆழம் குறைந்த சிமெண்ட் தொட்டி, மீன் தொட்டிக்குப் போடும் சிறிய மோட்டார், நடுவில் ஒரு கல். அவ்வளவுதான். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டாலே தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து குளிக்கும். அவை போகும்வரை கொண்டைக்குருவிகள் செடியில் காத்திருக்கும்.

ஒரு நாள் காலையில் அந்தக் கல்லின் மீது ஆறுமணிக்குருவி உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வாலுக்கு அடியில் சிவப்பு. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்திற்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை இது.

ஓடிப் போய்க் கேமராவை எடுத்தேன். பல மாதங்களாகக் கழற்றி வைத்திருந்த பேட்டரியைப் போட்டேன். திரையில் தேதி கேட்டது. பறவை பறந்துவிடுமே என்ற அவசரத்தில் ஓகே பட்டனை அழுத்திவிட்டேன். படம் பிரமாதமாக வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது வந்தது. நானும் அதே போலவே ஓகே அழுத்திப் படம் எடுத்தேன்.

பிறகு பக்கத்து மனையில் இருந்த மரங்களை வெட்டினார்கள். ஆறுமணிக்குருவி வருவது நின்றுவிட்டது. பறவைகளைப் பற்றிப் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது, பெருமையாகப் படங்களைக் காட்டினேன். "சார், எந்தெந்த வருஷம், எந்தத் தேதியில வந்துச்சு?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாப் படங்களும் 2012 ஜனவரி முதல் தேதி என்கின்றன. பேட்டரியைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் கேமராவின் கடிகாரம் அந்தத் தேதிக்கே திரும்பியிருக்கிறது!

கடைசியில் உதவியது எது தெரியுமா? சமையலறை ஜன்னல் வழியாக என் மனைவி செல்போனில் எடுத்த ஒரே ஒரு மங்கலான படம். செல்போன் நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்வதால் அதில் தேதி சரியாக இருந்தது. என் அழகான படங்கள் வெறும் வால்பேப்பர்தான்.

பொழுதுபோக்கிற்கு எதற்கு இவ்வளவு கணக்கு என்று நீங்கள் கேட்கலாம். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கையைப் பாருங்கள். 942 பறவை இனங்களைப் பற்றிய அந்த அறிக்கைக்கு ஆதாரம், 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த சுமார் 3 கோடி பதிவுகள். 2002இல் தொடங்கப்பட்ட இ-பேர்ட் தளத்தில் அவர்கள் பதிந்தவை இவை. அங்கே படம் கட்டாயமில்லை. தேதியும் இடமும் கட்டாயம். காகம், மைனா என்று எழுதினாலும் அதற்கு மதிப்பு உண்டு.

எனவே என் கருத்து இதுதான். நல்ல லென்ஸ் வாங்கச் சேமிக்கும் முன், கேமராவின் கடிகாரத்தைச் சரி செய்திடுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மீண்டும் ஒருமுறை பாருங்கள். விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் டேப்பைத் திறந்தால், டேட் டேக்கன் என்று இருக்கும். படம் எடுத்த நேரம் அதுதான். பைலைக் காப்பி செய்தாலோ திருத்தினாலோ மாறிவிடும் மற்ற தேதிகளை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் போய்விடும். டாகுமெண்ட்டாக அனுப்பினால் பைல் அப்படியே போகும்.

கடிகாரம் எவ்வளவு தவறாக ஓடியது என்று தெரிந்தால், எக்ஸிப்டூல் என்ற இலவச புரோகிராம் மூலம் எல்லாப் படங்களின் தேதியையும் ஒரே சமயத்தில் திருத்திவிடலாம். எனக்கு அது தெரியவில்லை. எத்தனை முறை கழற்றி மாட்டினேன் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது தொட்டியின் அருகே ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. அன்று வந்த பறவைகளை அந்தத் தாளிலேயே எழுதி, இரவில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறேன். ஆறுமணிக்குருவி இன்னும் திரும்பவில்லை. அது வந்தால், இந்த முறை நாளும் நேரமும் என்னிடம் இருக்கும். உங்கள் கேமராவில் இப்போது என்ன தேதி? எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிடுங்களேன்.