அவ போகட்டும், துடைப்பம் எடுக்க அல்ல

"பொட்டப்புள்ளய ராத்தங்கல் காம்புக்கு அனுப்பிட்டு நாம வீட்டுல நிம்மதியாத் தூங்க முடியுமா?" இது ஒரு பக்கம். "வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரன் ஆரம்பிச்ச சங்கத்துல நம்ம புள்ளைக்கு என்ன வேலை தோழர்?" இது இன்னொரு பக்கம். மணிமுத்தாறு, ஆலடியூர், சிங்கம்பட்டி வட்டாரத்துச் சேரியில் எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை, சாரணியர் படையில் சேர அப்பாவிடம் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற பதில் ஒன்றுதான்: வேண்டாம். அப்பா பயத்தில் சொல்கிறார். தோழர் கொள்கையில் சொல்கிறார். பிள்ளையிடம் மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

அவள் சேர வேண்டும் என்பது என் கட்சி. எப்படிச் சேர வேண்டும் என்பதில்தான் சண்டையே இருக்கிறது.

முதலில் தோழருக்கு. பேடன் பவல் ஏகாதிபத்தியத்தின் தளபதி என்பதில் சந்தேகமில்லை. தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் முற்றுகையில் பேர் வாங்கி, 1908இல் பையன்களுக்கென்று புத்தகம் எழுதியவர். ஆனால் 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பையன்களைத் திரட்டியபோது, யாரும் அழைக்காமலே பெண்பிள்ளைகள் வந்து நின்றார்கள். எங்களுக்கும் இடம் கொடு என்றார்கள். அடுத்த வருஷம் அவர்களுக்கென்று தனி அமைப்பு வந்தது. இந்தியாவிலோ ஆரம்பத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். அந்த ஆத்திரத்தில்தான் 1917இல் சென்னையில் அன்னி பெசன்ட் இந்தியப் பையன்களுக்குத் தனிச் சங்கம் தொடங்கினார். இந்த அம்மையாரின் நீதியையும் பார்த்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் பஞ்சமர் பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைக்கக் கூடாது, முதலில் சுத்தம் கற்றுக்கொள்ளட்டும் என்று 1909இல் எழுதியவர் இவரேதான். அதை எடுத்துப் போட்டு அம்பேத்கர் தோலுரித்திருக்கிறார். வெள்ளைக்காரன் வாசலை மூடினால் அநியாயம், நாம் மூடினால் ஆசாரம்!

ஆக, இந்தச் சங்கத்துக்குள் யாரையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. வெளியே நின்றவர்கள் தள்ளிக்கொண்டு நுழைந்ததுதான் அதன் கதை. நம்ம பிள்ளை மட்டும் ஏன் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும்?

"சீருடை, அணிவகுப்பு எல்லாம் அரசின் கருவி" என்கிறார் தோழர். இந்த மண்ணில் அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போன சனத்தைக் காக்கிச் சட்டை தாமிரபரணிக்குள் விரட்டி அடித்தது. 17 உயிர். அதில் ஒன்று கைக்குழந்தை. சீருடையைப் பார்த்தால் நமக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் வரிசையாக நடப்பது போலீஸ்காரனின் அப்பன் வீட்டுச் சொத்தா? அம்பேத்கர் ஒரு சுபேதாரின் மகன். மகாத் போராட்டக் காலத்திலேயே சமதா சைனிக் தளம் என்று தொண்டர் படை கட்டியவர். 1942 ஜூலையில் நாக்பூரில் ஒரே சமயத்தில் அந்தப் படைக்கும் மாநாடு, ஒடுக்கப்பட்ட பெண்களுக்கும் மாநாடு. இரண்டிலும் பேசினார். நிமிர்ந்து நடக்கிற உடம்பு விடுதலைக்கு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாரணியர் உடுப்பின் நிறம் நீலம். நீலம் நமக்குப் புதுசில்லை.

நாம் ஒதுங்கினால் அந்த இடம் காலியாகக் கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2017இல் தமிழ்நாடு சாரண சாரணியர் அமைப்பின் தலைவர் பதவிக்கு பா.ஜ.க.வின் எச். ராஜா போட்டியிட்டார். 52 ஓட்டு வாங்கித் தோற்றார், எதிரே நின்ற முன்னாள் கல்வி அதிகாரிக்கு 232. தோற்றது நல்லது. ஆனால் பிள்ளைகள் கூடுகிற இடத்தின் அருமை அவர்களுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லையே!

நம்ம ஜில்லாவில் பிள்ளைகளைச் சாதி ஏற்கெனவே அணிவகுத்து வைத்திருக்கிறது. மணிக்கட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிறு. அதைத் தடுக்கச் சொல்லி 2019இல் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டதற்கே என்ன கூச்சல்! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூலிப்படை அல்ல, கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு போட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், எல்லாச் சமூகப் பிள்ளைகளும் சேர்ந்த ஒரு சமூக நீதி மாணவர் படை வேண்டும், அதற்குத் தனிச் சீருடையும் அணிவகுப்புப் பயிற்சியும் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கையில் சாதிக்கயிறு கட்டியவளும் நம்ம பிள்ளையும் ஒரே நிறக் கழுத்துத்துணி கட்டி ஒரே கூடாரத்தில் படுப்பது சின்னக் காரியமில்லை. 2024இல் பிபிடிசி கம்பெனி தோட்டத்தை மூடியதும் மாஞ்சோலை மலையைவிட்டு இறங்கிய குடும்பத்துப் பிள்ளைகள், கீழே புதுப் பள்ளிக்கூடத்தில் "நீ எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு முன்னால் தனியாக நிற்கக் கூடாது.

இனி எனக்கு உண்மையாகவே பயமுள்ள விஷயம். அதன் பெயர் 'சேவை'. சாரணியருக்கு நாளுக்கு ஒரு நற்செயல் விதி. நல்லதுதான். ஆனால் நற்செயல் என்று ஒரு வாத்தியார் நம்ம பிள்ளையிடம் எதை நீட்டுவார்? 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் பாலக்கரை அரசுத் தொடக்கப்பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்த தலைமையாசிரியை கைதானார். கலெக்டர் மகள் துடைப்பம் பிடித்தால் அது பேப்பரில் போட்டோ. நம்ம மகள் பிடித்தால் குலத்தொழில். ஆயிரம் வருஷச் சேவையை நாம் முன்கூட்டியே செய்து முடித்துவிட்டோம். பாக்கி இருப்பது மற்றவர்கள் செய்ய வேண்டியதுதான்.

சாரணர் உறுதிமொழியில் கடவுளுக்குக் கடமை செய்வதாக ஒரு சொல் வரும். கடவுள் பிடிக்காதவர்கள் அந்த இடத்தில் 'தர்மம்' என்று சொல்லலாமாம். எந்தத் தர்மம்? மனுவின் தர்மமா, புத்தரின் தம்மமா? நம்ம பிள்ளை அதைச் சொல்லட்டும். எதை நினைத்துச் சொல்ல வேண்டும் என்பதை வீட்டில் நாம் சொல்லிக் கொடுப்போம்.

அப்பாவின் பயத்தையும் நான் கேலி செய்யவில்லை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்தது போலி என்.சி.சி. முகாம். பள்ளிக்குள்ளேயே படுத்திருந்த 13 வயதுப் பிள்ளையை முகாம் நடத்தியவனே சீரழித்தான். வெளியே சொல்லாதே என்று அமுக்கப் பார்த்த பள்ளிக்காரர்களும் கைதானார்கள். தனக்கும் அந்த முகாமுக்கும் சம்பந்தமே இல்லை என்றது என்.சி.சி. அப்படியானால் முகாம் உண்மையா பொய்யா என்று ஒரு பெற்றோர்கூடக் கேட்க வழியில்லாமல் இருந்ததே, அதுதான் கோளாறு. இதற்குப் பரிகாரம் பிள்ளையை வீட்டில் பூட்டுவதா? வீட்டில் இருந்தாலும் வெட்டுகிறான் என்பதை நாங்குநேரி காட்டிவிட்டது.

கேட்க வேண்டியதைக் கேட்போம். முகாமுக்கு மாவட்ட அமைப்பின் அனுமதிக் கடிதம் எங்கே? ராத்திரி கூடத் தங்கும் பெண் ஆசிரியர் யார்? ஒற்றைப் பிள்ளையாக அனுப்பாமல் தெருவிலிருந்து இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்புவோம். உடுப்புக்குக் காசில்லை என்றால் கொடை வரியில் கொஞ்சம் எடுத்தால் போதும், சாமி கோவிச்சுக்காது. முகாமில் யார் சமைத்தது, யார் பரிமாறியது, கக்கூஸ் முறை யார் யாருக்கு வந்தது என்று பிள்ளை திரும்பி வந்ததும் விசாரிப்போம். ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட ஓர் அணிக்கு ஒரு தலைவி. அந்தப் பட்டை நம்ம பிள்ளை சட்டைக்கும் வருகிறதா என்று பார்ப்போம்.

கடைசிவரை நின்று குடியரசுத் தலைவர் விருது வாங்கினால் ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். என்.சி.சி. சான்றிதழுக்குத் தமிழ்நாடு போலீஸ் தேர்வில் தனி மார்க்கு உண்டு. இதெல்லாம் அக்ரகாரத்துக்கும் மேலத்தெருவுக்கும் எப்பவோ தெரியும். சேரிக்கு யாரும் வந்து தண்டோரா போடவில்லை.

பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் விடுங்கள், அது அவள் இஷ்டம். அவள் போறேன் என்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள். போட்டுவிட்டு அடுத்த மாசமே சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், அணித்தலைவி யாரு, துடைப்பம் யாரு கையில என்று கேளுங்கள்.