ஹெகல் மீது வழக்கு, குறி மார்க்ஸ் மீது

ஜெர்மானியக் கருத்துமுதல்வாதத் தத்துவம் பற்றிய ஆய்வு பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் தனிச் சொத்து; உழைக்கும் வர்க்கத்தின் கட்சிக்கு அங்கே வேலை இல்லை. இத்தகைய எண்ணம் நமது அணிகளிலும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஆனால் முதலாளித்துவ அறிஞர் உலகம் அப்படி எண்ணவில்லை. 1831இல் பெர்லினில் மறைந்த ஹெகல் மீது அது ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய வழக்குத் தொடுக்கிறது. செத்த பாம்பை இத்தனை காலம் யாரும் அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவர் ஹெகல். தண்டிக்கப்பட வேண்டியவராகக் கருதப்படுபவர் மார்க்ஸ். இதைப் புரிந்துகொண்டால்தான் அந்த வழக்குகளின் தன்மை விளங்கும்.

முதல் வழக்கு: சர்வாதிகாரத்தின் தந்தை

கார்ல் பாப்பர் 1945இல் வெளியிட்ட ‘திறந்த சமுதாயமும் அதன் எதிரிகளும்’ என்ற நூல் பனிப்போர்க் காலம் முழுவதும் தாராளவாதிகளின் வேதநூலாக விளங்கியது. அதன் இரண்டாம் தொகுதி ஹெகலையும் மார்க்சையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. ஹெகல் பிரஷ்ய அரசின் கைக்கூலி, அரசைக் கடவுளாக்கியவர், பாசிசத்துக்கு வித்திட்டவர். அவருடைய மாணவர் மரபிலிருந்து வந்ததால் மார்க்சியமும் அதே நோயைச் சுமக்கிறது. பாப்பர் வாதத்தின் சாரம் இதுதான்.

இந்த வாதத்தின் அடித்தளத்தை 1951இல் தகர்த்தவர் ஒரு மார்க்சியவாதி அல்லர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறிய வால்டர் காஃப்மன் அதைச் செய்தார். ஹெகலின் எந்த நூலையும் முழுமையாகத் தராத, மாணவர்களுக்கான தொகுப்பு ஒன்றையே பாப்பர் பெரிதும் நம்பியிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். வெவ்வேறு இடங்களிலிருந்து கத்தரிக்கப்பட்ட வாசகங்கள் தொடர்ச்சியான கூற்றைப் போல ஒட்டப்பட்டிருந்ததையும் அம்பலப்படுத்தினார். ஒரு தொழிற்சங்க வழக்கில் நிர்வாகத் தரப்பு இப்படிச் சாட்சியம் தயாரித்தால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்போமோ, அதே பெயர்தான் இதற்கும் பொருந்தும்.

வரலாறும் பாப்பருக்கு எதிராகவே நிற்கிறது. 1819இல் கார்ல்ஸ்பாட் ஆணைகள் பல்கலைக்கழகங்கள் மீதும் அச்சகங்கள் மீதும் தணிக்கையைக் கட்டவிழ்த்துவிட்டன. அந்த வேட்டையில் ஹெகலின் மாணவர்களே சிக்கினர். அஸ்வெருஸ் கைது செய்யப்பட்டார். அவருக்காக ஜாமீன் தொகை கட்டியவர் ஹெகல். உதவியாளர் பொறுப்புக்கு ஹெகல் விரும்பிய கரோவே, அரசின் சந்தேகத்துக்கு ஆளாகிப் பல்கலைக்கழக வாழ்வையே இழந்தார். ஹெகல் துணிச்சல் மிக்க புரட்சியாளர் என்பதற்கு இது சான்றாகாது. ஆனால் கைக்கூலிகள் இப்படி நடந்துகொள்வதில்லை.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அவருக்குச் சட்ட விளக்கம் எழுதிக் கொடுத்த கார்ல் ஷ்மிட், அந்த 1933 ஜனவரி 30ஆம் நாளையே ஹெகல் இறந்த நாள் என்று சொல்லலாம் என எழுதினார். ஹெர்பர்ட் மார்க்யூஸ் 1941இல் வெளியிட்ட ‘பகுத்தறிவும் புரட்சியும்’ நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். ஹெகல் தங்கள் முன்னோடி அல்லர் என்பது நாஜி சட்ட வல்லுநருக்குத் தெரிந்திருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து நூல் வெளியிட்ட பாப்பருக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

இரண்டாம் வழக்கு: வரலாறு முடிந்தது

சோஷலிச முகாம் ஆட்டம் கண்டபோது உத்தி மாறியது. திட்டுவதற்குப் பதிலாக ஹெகலைக் கடத்திச் செல்லும் வேலை தொடங்கியது. அமெரிக்க வெளியுறவுத் துறையில் கொள்கைத் திட்டமிடல் பிரிவில் பணியாற்றிய ஃபிரான்சிஸ் ஃபுக்குயாமா, 1989இல் ‘வரலாற்றின் முடிவு?’ என்ற கட்டுரையையும் 1992இல் அதன் விரிவான நூலையும் வெளியிட்டார். தாராளவாத ஜனநாயகமும் சந்தையுமே மனிதகுலத்தின் இறுதி நிலையம் என்று அறிவித்த அவர், அதற்கு ஹெகலின் கையொப்பம் இருப்பதாகக் காட்டினார்.

அந்தக் கையொப்பம் கோஷேவ் வழியாக வந்தது. 1933 முதல் 1939 வரை பாரீசில் ஹெகலின் ‘ஆன்மாவின் தோற்றவியல்’ நூலை விளக்கி உரையாற்றிய கோஷேவ், ஆண்டான்-அடிமை பற்றிய சில பக்கங்களை அந்த நூல் முழுவதற்கும் திறவுகோலாக்கினார். அந்தப் பக்கங்களின் உயிர்நாடி உழைப்பு. ஆண்டான் நுகர்கிறான், அடிமை உழைக்கிறான். பொருளை உருமாற்றும் அந்த உழைப்பின் வழியே அடிமைதான் தன்னுணர்வு பெறுகிறான். ஃபுக்குயாமாவின் கையில் இது ‘அங்கீகாரத்துக்கான வேட்கை’யாக மெலிந்தது. வாக்குரிமையும் சட்டத்தின் முன் சமத்துவமும் கிடைத்தால் அந்த வேட்கை அடங்கிவிடுமாம். உழைப்பின் விளைபொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

ஹெகலோ, நடந்து முடிந்ததைப் புரிந்துகொள்வதே தத்துவத்தின் பணி என்றும் ஆரூடம் சொல்வது அதன் வேலையன்று என்றும் கருதியவர். வரலாற்றுத் தத்துவ விரிவுரைகளில் அமெரிக்காவை எதிர்காலத்தின் நிலம் எனக் குறிப்பிட்டு, அதைப் பற்றி மேலே பேசாமல் நிறுத்திக்கொண்டவர். எதிர்காலம் ஒன்று உண்டு எனச் சொன்னவரை வைத்து வரலாற்றுக்குக் கதவடைத்தார்கள். 2008இல் அமெரிக்க வங்கிகள் சரிந்து உலகெங்கும் உழைப்பாளர் தெருவில் நின்றபோது, அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கவில்லை என்பது நிரூபணமாயிற்று.

மறைக்கப்படும் பக்கங்கள்

இரு தரப்பாரும் கவனமாகத் தாண்டிச் செல்லும் பக்கங்கள் ஹெகலின் ‘உரிமையின் தத்துவம்’ நூலில் உள்ளன. குடிமைச் சமுதாயம் தடையின்றி இயங்கும்போது ஒருபுறம் செல்வம் சிலர் கையில் குவிகிறது; மறுபுறம் உழைப்போர் சார்புநிலைக்கும் வறுமைக்கும் தள்ளப்படுகிறார்கள் என்று 243 முதல் 245 வரையிலான பத்திகளில் அவர் விளக்குகிறார். செல்வம் மிதமிஞ்சியும் வறுமையைத் தடுக்கும் அளவுக்கு அந்தச் சமுதாயம் செல்வம் பெற்றதாக இல்லை என்ற முரண்பாட்டை அப்பட்டமாக வைக்கிறார். இந்த நெருக்கடியே அச்சமுதாயத்தைக் கடல் கடந்த சந்தைகளையும் குடியேற்றங்களையும் தேட வைக்கிறது என்றும் தொடர்கிறார். பட்டினியால் சாகக் கிடப்பவன் ரொட்டியைத் திருடினால் அதைச் சாதாரணத் திருட்டாகக் கருதுவது தவறு என்றும் தம் விரிவுரையில் வாதிட்டார். ‘அரசைத் தொழுதவர்’ என்ற முத்திரைக்குள் இவை அடங்குமா?

ஹெகல் நோயைக் கண்டார், மருந்து காணவில்லை. தொழிற்குழுக்களும் முடியாட்சி அரசும் முரண்பாட்டைச் சமன்செய்யும் என்று நம்பினார். மார்க்ஸ் 1843இல் எழுதிய விமர்சனத்தில் இந்த இடத்தில்தான் அவரைப் பிடித்தார். அரசு குடிமைச் சமுதாயத்தைப் படைக்கவில்லை. குடிமைச் சமுதாயமே அரசின் அடித்தளம். அங்கிருந்து தொடங்கிய பாதை ‘மூலதன’த்துக்கு இட்டுச் சென்றது.

நம் பக்கத்துக் கணக்கு

இதனால் ஹெகலுக்கு மாலை சூட்ட வேண்டும் என்பதில்லை. ஆப்பிரிக்காவை உலக வரலாற்றுக்கு வெளியே நிறுத்தியதும், ஐரோப்பியர் எழுதிய குறிப்புகளைக் கொண்டு இந்தியச் சிந்தனையைக் கனவுலகமாகச் சித்தரித்ததும், பெண்களை அரசியலிலிருந்து விலக்கியதும் மன்னிக்கத்தக்கவை அல்ல. காலனியாட்சி அவற்றால் பயன் பெற்றது. முறையியல் புரட்சிகரமானது, அமைப்பு பழமையானது என்று எங்கெல்ஸ் 1886இல் பிரித்துக் காட்டியது இதற்காகத்தான்.

நமது மரபிலும் பிழைகள் உண்டு. 1899இல் பெர்ன்ஸ்டைன், ஹெகலின் இயங்கியலே மார்க்சியத்துக்குள் புகுந்த துரோகக் கூறு என்று கூறி அதை வெட்டியெறியக் கோரினார். இயங்கியல் போனதோடு புரட்சியும் போயிற்று. எஞ்சியது சீர்திருத்தம் மட்டுமே. 1940களில் சோவியத் ஒன்றியத்தில், ஜெர்மானியக் கருத்துமுதல்வாதம் பிரெஞ்சுப் புரட்சிக்கு எதிரான பிரபுத்துவ எதிர்வினை என்ற ஒற்றை வரித் தீர்ப்பு எழுதப்பட்டது. லூக்காச் மாஸ்கோவில் 1938இல் எழுதி முடித்த ‘இளம் ஹெகல்’ பத்தாண்டுகள் கழித்துச் சூரிச்சில்தான் வெளிவர முடிந்தது. கருத்து, எதிர்க்கருத்து, இணைவு என்ற மூன்று படி வாய்ப்பாட்டையே இயங்கியல் என மனப்பாடம் செய்யும் பழக்கம் இன்றும் நீடிக்கிறது. ஹெகல் தமது முறையை அப்படி விளக்கவில்லை. அதை அவர் பெயரில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் 1837இல் எழுதிய கலிபாயுஸ் என்ற பேராசிரியர்.

1914 ஆகஸ்டு 4 அன்று ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி போர்க் கடனுக்கு வாக்களித்தது. இரண்டாம் அகிலம் இடிந்து விழுந்தது. அடுத்த மாதமே பெர்ன் நகர நூலகத்தில் லெனின் ஹெகலின் ‘தர்க்கவியல்’ நூலைத் திறந்து குறிப்பெடுக்கத் தொடங்கினார். ‘மூலதன’த்தைப் புரிந்துகொள்ள இந்த நூலை முழுமையாகக் கற்றாக வேண்டும் என்று அங்கே எழுதினார். உலகப் போருக்கு நடுவே இதைச் செய்தவர் நேரத்தை வீணடிக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் எதிர்நிலையாக மாறுவது எப்படி, சட்டப்பூர்வமான மாபெரும் தொழிலாளர் கட்சி போரின் வால் ஆனது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடினார். ‘ஏகாதிபத்தியம்’ அதன் பிறகு எழுதப்பட்ட நூல்.

2022இல் மியூனிக் பேராயத்தின் ஆவணக் காப்பகத்தில், கரோவே எழுதிவைத்த ஹெகல் விரிவுரைக் குறிப்புகள் ஆயிரக்கணக்கான பக்கங்களில் கண்டெடுக்கப்பட்டன. இவை அச்சேறும்போது ஹெகல் பற்றிய புதிய விளக்கங்களும் அணிவகுக்கும். பழைய வழக்குகள் புதிய வேடத்தில் திரும்பும். அவற்றை எதிர்கொள்ளும் பொறுப்பைப் பல்கலைக்கழகத் துறைகளிடம் மட்டும் ஒப்படைத்துவிட முடியாது. மார்க்சியம் சர்வாதிகாரத்தின் குழந்தை என்று மேடைதோறும் கூறப்படும்போது, அதன் வேர்களை அறிந்த ஊழியரால்தான் விடையளிக்க முடியும். கட்சிக் கல்வி வகுப்புகளில் இயங்கியல் விதிகளை ஒப்புவிப்பதோடு நிறுத்தாமல், எங்கெல்சின் ‘லுத்விக் ஃபாயர்பாக்’ நூலையும் லெனினின் குறிப்பேடுகளையும் வரிவரியாகப் படிப்பதை நடைமுறையாக்குவது உடனடிக் கடமையாகும்.