முறை வெச்சு மெர்ஜ் பண்ணுங்க பாஸ்!

'கோடு எழுதுறது ஈஸி... நாலு பேர் எழுதினதை ஒண்ணா சேர்க்கறதுதான் கஷ்டம்'னு சீனியர்ஸ் சொன்னப்போ நம்பலை. போன செமஸ்டர்ல நம்பிட்டேன்!

நாங்க நாலு பேர், ஒரே புராஜெக்ட். டெமோவுக்கு முதல் நாள் ராத்திரி என் கோடை ஏத்தப் பார்த்தேன். 'முதல்ல மத்தவங்க செஞ்ச மாற்றத்தை இழுத்துக்கோ'ன்னு கிட் மறுத்துடுச்சு. பொறுமை இல்லாம 'புஷ் ஃபோர்ஸ்' அடிச்சேன். அவ்வளவுதான்... தோழி ரெண்டு நாள் உட்கார்ந்து எழுதின லாகின் பகுதி, பொது ரெபாசிட்டரியில் காணோம்! நல்லவேளை, கிட்டில் ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டரிலும் பழைய வரலாறு இருக்கும். அவ லேப்டாப்பில் இருந்ததை வெச்சு மீட்டோம். ஆனா, அவ என்கூட பேச மூணு நாள் ஆச்சு!

லினக்ஸ் கெர்னலுக்கு ஆயிரக்கணக்கானவங்க கோடு அனுப்பறாங்க. அதுவரை பயன்படுத்தின பிட்கீப்பரின் இலவச அனுமதி போனதும், 2005 ஏப்ரலில் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதினதுதான் கிட். ஆனா டூல் மட்டும் போதாதே... முறையும் வெச்சிருக்காங்க! ஒவ்வொரு வெர்ஷன் வெளியானதும் சுமார் 2 வாரம்தான் புது விஷயங்களைச் சேர்க்கலாம். அப்புறம் சில வாரங்களுக்குப் பிழை திருத்தம் மட்டும். லேட்டா வந்தா, அடுத்த முறைதான்!

தஞ்சாவூர்க்காரங்களுக்கு இது புதுசா என்ன? கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு தண்ணி பிரியுது. தட்டுப்பாடு வந்தா முறைப்பாசனம். தலைமடைக்காரர் இஷ்டத்துக்கு மடையைத் திறந்தா, கடைமடை வயல் காயும். கோடிலும் கடைசியா மெர்ஜ் பண்றவங்கதான் கடைமடை. முன்னாடி சேர்ந்த எல்லா மாற்றத்தோடயும் மோதறது அவங்க கோடுதான்!

இப்போ எங்க டீம்ல நாலு ரூல். காலையில் முதல் வேலை, புல் பண்றது. வேலையைச் சின்னச் சின்னதா பிரிச்சு, அன்னன்னிக்கே மெர்ஜ் பண்ணிடணும். ஒரே ஃபைலில் ரெண்டு பேர் கை வைக்கணும்னா, முதல்ல பேசிக்கணும். கமிட் மெசேஜில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2'ன்னு எழுதாம, என்ன மாத்தினோம், ஏன் மாத்தினோம்னு எழுதணும்.

ஃபோர்ஸ் புஷ்ஷா? மெயின் பிரான்ச்சில் அதுக்குப் பூட்டு போட்டாச்சு. பூட்டினது நான்தான்... சாவி மட்டும் அவகிட்ட!