முதல் நூலைப் பெறுபவரும் எழுதியவரும்

பதிப்புத் தொழிலில் ஒரு நூலின் விதி, அது எழுதப்படுவதற்கு முன்பே பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது. பதிப்பகம் எழுத்தாளருக்கு வழங்கும் முன்பணம், அதாவது பின்னால் கிடைக்கவிருக்கும் உரிமத்தொகையில் கழித்துக்கொள்ளும்படி முன்கூட்டியே தரப்படும் தொகை, எழுத்தின் தரத்தைவிட எழுதுபவரின் புகழையே அளவுகோலாகக் கொள்கிறது. முன்பணம் பெருகப் பெருக அதை மீட்பதற்கான விளம்பரமும் பெருகுவதால், அறியப்பட்டவரே மேலும் அறியப்படுகிறார். 2023 சனவரியில் வெளியான பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியின் ‘ஸ்பேர்’ முதல் நாளிலேயே 14 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. அவருடைய நாடான பிரிட்டனிலோ, எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் இடைநிலை வருமானம், அதாவது அவர்களை வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் ஆண்டு வருமானம், 2006இல் 12,330 பவுண்டாக இருந்து 2022ஆம் ஆண்டின் ஆய்வில் 7,000 பவுண்டாகச் சரிந்திருந்தது.

மலேசியத் தமிழ் எழுத்தாளருக்கு முன்பணம் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. அச்சகத்துக்குப் பணம் கட்டுபவர் அவரே. அந்தச் செலவை மீட்கும் வழியாக நிலைபெற்றிருப்பது நூல் வெளியீட்டு விழா. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வந்து சேரும்வரை மண்டபம் காத்திருக்கிறது. தாம்பூலத் தட்டில் வைத்த முதல் நூலை அவர் பெற்றுக்கொண்டு பண உறையை நீட்டுகிறார். பொன்னாடை அவர் தோளில் ஏறுகிறது. வாசல் மேசையில் யார் எவ்வளவு தந்தார் என்பது குறித்துக்கொள்ளப்படுகிறது. விழா முடிந்ததும் மீந்த படிகள் அட்டைப் பெட்டிகளில் எழுத்தாளரின் வீட்டுக்கே திரும்புகின்றன. அந்தக் கொடை இல்லாவிட்டால் பல நூல்கள் அச்சேறியே இருக்காது என்பதால், கொடுப்பவரைக் குறை கூறுவது அறமாகாது; ஆனால் வாசகர் இருக்க வேண்டிய இடத்தில் புரவலர் அமர்ந்திருக்கும்வரை, நூலின் வாழ்வு அந்த ஒரு மாலையோடு முடிந்துபோகிறது. அரசின் கையும் இங்கே எட்டுவதில்லை. 1981 முதல் வழங்கப்படும் தேசிய இலக்கியவாதி விருது மலாய்மொழிப் படைப்பாளிகளுக்கே உரியதாக இருந்துவருகிறது.

இதனால் நேரும் இழப்பு எழுத்தாளரின் பணத்தோடு நிற்பதில்லை; எளிய மக்களின் கதைகளும் எழுதப்படாமல் மறைகின்றன. கோலகுபு பாருவுக்கு அருகிலுள்ள அம்பாங் பெச்சா, ‘உடைந்த அணை’ என்னும் தன் பெயரிலேயே 1883ஆம் ஆண்டின் வெள்ளப் பேரழிவைச் சுமந்து நிற்கும் ஊர். ஆயினும் அந்த வெள்ளத்தில் மாண்டவர்களுள் ஊர்க்கதையில் பெயரோடு நிலைத்தவர் செசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேய அதிகாரிதான். சயாம் மரண ரயில் பாதைக்கும் இதுவே நேர்ந்தது. 1942–43இல் ஜப்பானியப் படையினர் போட்ட ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதையை உலகம் ‘குவாய் நதிப் பாலம்’ திரைப்படத்தின் பிரிட்டிஷ் போர்க்கைதிகள் வழியே அறிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழரின் துயரைப் புனைவில் பதிந்தவர்கள் ‘சயாம் மரண ரயில்’ எழுதிய ஆர். சண்முகமும் ‘நினைவுச் சின்னம்’ எழுதிய அ. ரெங்கசாமியும் ஆவர். பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டு, புக்கிட் தாகார், நைஜல் கார்ட்னர் போன்ற உலு சிலாங்கூர்த் தோட்டங்களிலும் கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் பழைய தோட்ட வாழ்க்கை கலைந்துபோன கதையையும், எவரும் அறியாத ஓர் எழுத்தாளரே எழுதியாக வேண்டும்.

இதற்கான தீர்வைத் தோட்ட மக்களே முன்பு ஒருமுறை காட்டியிருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அதாவது முதலாளிகள் அவற்றைச் சிறுசிறு நிலங்களாக விற்றுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தபோது, அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரர்களாகி, தோட்டங்களையே வாங்கினார்கள். அந்த முறை புத்தகத்துக்கும் பொருந்தும். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நடுநிலையான குழு ஒன்று ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் நூல்களை, ஒவ்வொரு பள்ளியின் முன்னாள் மாணவர்களும் பெற்றோரும் சிறுதொகை சேர்த்துத் தலா இரண்டு படி வாங்கினாலே, ஒரு நூலுக்கு ஆயிரம் படிகள் உறுதியாகும். அந்த உறுதி கிடைத்துவிட்டால், எழுத்தாளர் தம் நூலைத் தட்டில் வைத்துக்கொண்டு பிரமுகரின் கார் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.